தண்ணீருக்குள் போன பளிங்கு

கண்ணாடிபோல் தெளிந்த பளிங்கு உருண்டையைப் பார்த்துக் குறி சொல்பவர்களை ராஜாக்களே நம்பிய காலம். பிராக் நகரில் ஒரு பிரபுவின் வெள்ளிக் கிண்ணம் களவுபோனது. குறிகாரன் காஸ்பர் பளிங்கைப் பார்த்து, "குதிரைக்காரன் மதேய்தான் திருடன்" என்றான். விடிந்தால் மதேய்க்குத் தூக்கு.

அன்று மாலை பளிங்கே காணாமல் போனது. காஸ்பர் மாளிகையைப் புரட்டிப்போட்டுத் தேடினான்.

பாத்திரம் கழுவும் லுத்மிலா, மதேயின் மனைவி, பிரபுவின் முன்னால் வந்தாள். காஸ்பரின் எதிரே இருந்த கண்ணாடிக் குடத்தில் கைவிட்டு, தண்ணீரோடு தண்ணீராகத் தெரியாமல் கிடந்த பளிங்கை எடுத்தாள்.

"நான்தான் போட்டேன், பிரபுவே. கண்ணெதிரே கிடந்த கல்லைக் காணாதவர், இருட்டில் நடந்த திருட்டைக் கண்டாராம்!"

பிரபு சிரிக்கவில்லை. மதேயை விடுவிக்கச் சொன்னார். பிறகு மெல்ல, "போன வருஷமும் இதை நம்பி ஒருத்தனைத் தூக்கில் போட்டேனே" என்றார்.