பூவரசு ஊஞ்சல்

வரப்புப் பூவரசுத் தழையை வருஷாவருஷம் சேற்றில் மிதித்துக் காத்தாயி விளைய வைத்த குத்தகை வயல் அது. மிராசுதார் சபாபதிக்குப் புது ஊஞ்சல் ஆசை. நிழல் பயிரைக் கெடுக்கிறதென்று சொல்லி மரங்களை வெட்டினார். தடுக்க வந்தவளையும் குத்தகையை விட்டே விரட்டிவிட்டார். நாலு போகத்தில் மண் இறுகிப்போய், நெல்லெல்லாம் பதராயிற்று.

ஊரைக் கூட்டி, அவளைத் தன் வீட்டு வாசலுக்கு இழுத்துவரச் செய்தார். "வயல்ல என்னடி சூனியம் வச்சே? இப்பவே எடு!"

"வயல்ல இல்லீங்கய்யா. அந்த மரத்துத் தழையை மிதிச்சதைத் தவிர எனக்கு வேற மந்திரம் தெரியாது. மரம் இப்ப உங்க கூடத்துல ஊஞ்சலாத் தொங்குது."

கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"உள்ள வந்து எடுக்க எங்க சாதிக்கு வழியில்லை. நீங்களே கழட்டி வரப்புல நட்டுப் பாருங்கய்யா, தழைக்குதான்னு."