ஹீட்டரைக் கேட்காத கூட்டம்

சிங்காநல்லூரில் ஒரு தகர ஷெட்டுக்குள் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டே கதவு, வயது முப்பத்திரண்டு. அதற்குள் எஞ்சின், ரேடியேட்டர், தண்ணீர் பம்ப், டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு ஹீட்டர் என்று நாலு பேர் குடியிருந்தார்கள். எஞ்சினைக் கேட்டால் மூன்று பேர் என்றுதான் சொல்லும்.

போன கோடையில் எஞ்சின் கொதித்துப் பொங்கி நடுரோட்டில் நின்றுவிட்டது. காரின் சொந்தக்காரர் பூங்கோதை, கல்லூரியில் வேதியியல் சொல்லித்தருபவர். "இன்னொரு தடவை கொதிச்சா காயலாங்கடைதான்" என்று அவருடைய கணவர் சொன்னார். பூங்கோதையும் மனசில்லாமல் தலையாட்டினார். நாலு பேரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

அதனால், கூலண்ட் மாற்றுவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எஞ்சின் அவசரக் கூட்டம் போட்டது.

"கூலண்ட் என்பதே என்னைக் குளிர வைக்கத்தான். ஆக, எது வேண்டும் என்று நான் சொல்வதுதான் முறை. புதுசாக ரோஸ் கலரில் ஒன்று வருகிறது. அஞ்சு வருஷம் தாங்குமாம். அதுதான்."

"உனக்குத் தாங்கும். எனக்கு?" என்றது ரேடியேட்டர். "நான் பழைய பித்தளை. ஈயம் வைத்துப் பற்றவைத்த உடம்பு. அந்த ரோஸ் கலர் என் ஒட்டுகளை அரித்துவிட்டால்? எனக்குப் பழைய பச்சைதான் ஒத்துக்கொள்ளும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அவ்வளவுதானே. எனக்கு ஓட்டை விழுந்தால் நீ எத்தனை நிமிஷம் தாங்குவாய், சொல்."

எஞ்சின் உடனே இறங்கி வந்தது. "சரி, பச்சை."

"நானும் ஒன்று சொல்லலாமா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"யாரது?" என்றது பம்ப்.

"ஹீட்டர்."

எஞ்சின் சிரித்ததில் பானெட் அதிர்ந்தது. "கோயம்புத்தூர் வெயிலில் ஹீட்டர்! சித்திரை மாசத்தில் கம்பளி விற்க வந்தாயா?"

"கிண்டலை அப்புறம் வைத்துக்கொள். எட்டு வருஷமாக என் குழாயின் கதவு மூடியே கிடக்கிறது. எனக்குள் பழைய போர்வெல் தண்ணீர் துருவோடு நிற்கிறது. நீங்கள் மூன்று பேரும் கழுவிக்கொண்டு புதுசு ஊற்றிக்கொள்வீர்கள். என்றைக்காவது யாராவது என் கதவைத் திறந்தால், இந்தத் துரு அத்தனையும் உங்களிடம்தான் வரும். என்னையும் கழுவச் சொல்லுங்கள் என்கிறேன்."

"யாரும் திறக்கமாட்டார்கள்" என்றது பம்ப். "சும்மா இருப்பதுதான் உன் வேலை. அதை ஒழுங்காகச் செய்."

"சும்மா இருப்பது என் வேலையா, நீங்கள் என்னை வைத்திருக்கிற லட்சணமா? எனக்கு வேலை இல்லை என்று கதவை மூடினீர்கள். இப்போது கதவு மூடியிருக்கிறது, அதனால் உனக்கு வேலை இல்லை என்கிறீர்கள். இது என்ன நியாயம்?"

பதில் தெரியாதவர்கள் வழக்கமாகச் செய்வதைப் பம்பும் செய்தது. "கூட்டம் முடிந்தது" என்றது.

மெக்கானிக் மருதாசலம் பச்சைக் கூலண்ட் டப்பாவோடு வந்து இறங்கினார்.

"ரோஸ் கலர்தான் நல்லதுன்னு கடையில சொன்னாங்களே, மருதாசலண்ணா?" என்றார் பூங்கோதை.

"கலரப் பாத்து வாங்கப்படாதுங்க டீச்சர். உங்களுது பித்தளை ரேடியேட்டருங்க. டப்பாவோட மூஞ்சியப் பாக்காதீங்க, முதுகப் படிங்க."

பூங்கோதை திருப்பிப் படித்தார். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

எஞ்சின் ஆறிக் கிடந்தது. மருதாசலம் ரேடியேட்டரின் திருகையும் எஞ்சினின் திருகையும் கழற்றினார். கடுந்தேநீர் நிறத்தில் தண்ணீர் இறங்கியது. பூங்கோதை அதை அளவுக் கேனில் பிடித்தார். பழக்கதோஷம்.

"அண்ணா, புக்குல ஏழு லிட்டர்னு போட்டிருக்கு. வந்தது ஆறுதான். மிச்சம் எங்க?"

"ஆவியாப் போயிருக்குமுங்க."

"காலைல மூடியத் தொறந்தப்ப வாய் வரைக்கும் இருந்துச்சே."

"அங்கங்க ஒட்டியிருக்குமுங்க."

"ஒரு லிட்டரா? நீங்க பதில் சொல்றீங்களா, என்னச் சமாளிக்கறீங்களா?"

மருதாசலம் சிரித்துவிட்டார். "சமாளிக்கத்தானுங்க பாத்தேன்."

அப்புறம் குனிந்து, குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனார். இரண்டு சின்னக் குழாய்கள் எஞ்சினை விட்டு உள்பக்கச் சுவருக்குள் நுழைந்தன. அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அட, ஹீட்டருங்க! இருவது வருசமா கூலண்ட் மாத்தறனுங்க. நம்மூர்ல ஹீட்டர யாருங்க போடறா? ஒரு வண்டியிலயும் அதத் தொறந்து உட்டதில்லீங்க."

"அப்ப இருவது வருசமா எல்லா வண்டியிலயும்..."

"மெதுவாப் பேசுங்க டீச்சர். ஊரே கேட்டுக்கும்."

டேஷ்போர்டில் இருந்த ஹீட்டர் குமிழ் இறுகிப்போயிருந்தது. எண்ணெய் விட்டு, துணி சுற்றி, இரண்டு பேருமாகத் திருப்பினார்கள். உள்ளே கதவு கிறீச்சிட்டது. குழாயைக் கழற்றியதும் கறுப்பாக, கூழாக, ஒரு லிட்டர் வெளியே வந்தது.

"எட்டு வருஷம்" என்றது ஹீட்டர். எஞ்சினும் பம்பும் அந்தக் கூழை எட்டிப் பார்த்தன. அது தங்களுக்குள் வந்திருந்தால் என்று கணக்குப் போட்டிருக்கலாம். ஆனால் மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் வரவில்லை.

மருதாசலம் தண்ணீர் தெளிவாக வரும்வரை எல்லாரையும் கழுவினார். பிறகு பச்சைக் கூலண்டைச் சுத்தத் தண்ணீரோடு கலந்து ஊற்றினார். பார்க்கவே குளுகுளுவென்று இருந்தது. நாலு பேருக்குள்ளும் அது சுற்றி வந்தபின், மருதாசலம் ஹீட்டரின் குமிழைத் திருப்பி மூடினார்.

அடுத்த சனிக்கிழமை பூங்கோதையும் கணவரும் காரை எடுத்துக்கொண்டு கோத்தகிரிக்குக் கிளம்பினார்கள். பாதி மலை ஏறியதும் ஒரு வளைவில் லாரி ஒன்று மாட்டிக்கொண்டு நின்றது. பின்னால் வண்டிகள் வரிசை கட்டின. உச்சி வெயில். இலைகூட அசையவில்லை. சூட்டைக் காட்டும் முள் மேலே ஏற ஆரம்பித்தது.

"ரேடியேட்டர், ஏதாவது செய்!" என்றது எஞ்சின்.

"காற்று வந்தால்தானே? வண்டி நின்றால் என் விசிறி மட்டும் போதுமா?"

"பம்ப்!"

"நான் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். போய்ச் சேர இடம் இல்லாத சூட்டை எங்கே தள்ளுவேன்?"

முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. கணவர் செல்போனைக் கையில் எடுத்தார். "காயலாங்கடைக்காரர் நம்பர் இருக்குது. போடட்டுமா?"

"பேசாம கண்ணாடிய எறக்குங்க" என்றார் பூங்கோதை.

எஞ்சின் வெட்கத்தை விட்டுக் கேட்டது. "ஹீட்டர், என் சூட்டில் கொஞ்சம் வாங்கிக்கொள்வாயா?"

"கதவு திறந்தால் வாங்கிக்கொள்வேன்."

பூங்கோதையின் கை குமிழுக்குப் போயிற்று. முழுசாகத் திருப்பி, ஹீட்டரின் விசிறியையும் போட்டுவிட்டார். கொதிக்கிற கூலண்ட் ஹீட்டருக்குள் பாய்ந்தது. ஹீட்டர் அந்தச் சூட்டையெல்லாம் வாங்கிக் காருக்குள் ஊதியது.

"ஏம்மா, இந்த வெயில்ல ஹீட்டரா! கிறுக்குப் புடிச்சிருச்சா?"

"நாம வேர்த்தா வண்டி பொழைக்கும். வேர்க்கட்டும்."

முள் கொஞ்ச நேரம் நடுங்கியது. பிறகு ஒரு இழை இறங்கியது. இன்னொரு இழை. லாரி நகர்வதற்குள் பாதிக்கு வந்து நின்றுவிட்டது. கணவர் சட்டை தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்தார். செல்போன் பைக்குள் போய்விட்டது. பூங்கோதை நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டார். முகம் கொள்ளாத சிரிப்பு.

கார் மறுபடி ஏறியது. காற்று வந்தது. எஞ்சின் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"ஹீட்டர், இன்றைக்கு நீ செய்தது பெரிய காரியம். இனிமேல் நம் கூட்டத்தில் உனக்கும் ஓர் இடம் தருகிறேன்."

"தருகிறாயா?" என்றது ஹீட்டர். "இந்த வண்டியை விட்டு நான் எப்போது இறங்கினேன், நீ என்னை ஏற்றிக்கொள்ள?"