வெட்டிப் போட்ட மௌனம்

“கேட்ட வாய் மூடுறதுக்குள்ள நான் மன்னிச்ச மாதிரி போட்டுட்டியே, நீ உருப்படுவியாய்யா?”

ரேடியோவுக்குப் பேட்டி கொடுத்த பொற்கொடி போனில் கத்தியதை ஒரு சொல் விடாமல், மூக்கைச் சிந்துவது வரைக்கும் நடித்துக் காட்டினார் தணிகாசலம்.

“இல்லாததையா போட்டேன் மேடம்? அவ வாயாலதானே சொன்னா?”

ஜெசிந்தா ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். அந்த வானொலி நிலையத்தின் தயாரிப்பாளர் அவள். பத்திரிகை வேலையை விட்டு அவளிடம் தொழில் பழக வந்தவர் தணிகாசலம். தலை நரைத்த பிறகு ஒரு சின்னப் பெண்ணிடம் கைகட்டி நிற்பதே தொண்டையில் முள். இதில் இவள் விசாரணை வேறு.

“என்னதான் ஆச்சு சார்?”

“குடிச்சுட்டு லாரி ஓட்டினவன் அவ புருஷனைக் கொன்னான் இல்லையா? அவனை மன்னிச்சிட்டீங்களான்னு கேட்டேன். மன்னிச்சிட்டேன்னா. ரேடியோல அதைக் கேட்ட மக இளவேணி, ‘அப்பா உனக்கு அவ்வளவு சல்லிசாப் போயிட்டாரா’ன்னு சொல்லிட்டு சித்தி வீட்டுக்குப் போயிட்டாளாம். அம்மாகூடப் பேச்சே இல்லையாம். அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?”

“கேள்விக்கும் பதிலுக்கும் நடுவுல?”

“ஒண்ணுமில்லை. இருமினா, வளையலை உருட்டினா. வெட்டிட்டேன். சத்தமில்லாம ஓடினா ஜனங்க வேற நிலையத்துக்குத் திருப்பிடுவாங்கன்னு பாடம் எடுத்தது யாரு? நீங்கதானே!”

“முழுப் பதிவு?”

“இடத்தை அடைக்குதுன்னு அழிச்சிட்டேன்.”

ஜெசிந்தா மைக்கை அவர் பக்கம் தள்ளினாள். பதிவுப் பொத்தானை அழுத்தினாள்.

“தப்பு உங்க மேலயா சார்?”

அவருக்குச் சுர்ரென்று ஏறியது. எத்தனை மந்திரிகளை நாற்காலி நுனிக்கு வரவழைத்த ஆள்! இவளுக்கா பதில் சொல்வது? எழுந்து கதவுவரை போனார். தாழ்ப்பாளில் கை வைத்தார். அந்த வளையல் சத்தம் எங்கிருந்தோ காதில் உருண்டது. திரும்பி வந்து பொத்தென்று உட்கார்ந்தார்.

“ஆமா.”

அவள் பதிவின் நடுவில் இருந்ததை வெட்டினாள். ஓடவிட்டாள்.

‘தப்பு உங்க மேலயா சார்?’ ‘ஆமா.’

“அநியாயம்!” என்று மேசையில் அடித்தார். “நான் இப்படியா சொன்னேன்? பூம்பூம் மாடு மாதிரி இருக்கு! இது என் பதிலே இல்லை!”

“இல்லாததையா போட்டேன்? உங்க வாயாலதானே சொன்னீங்க?”

அடித்த கை மேசையிலேயே கிடந்தது.

அவள் பேட்டிக் கோப்பிலிருந்த இளவேணியின் எண்ணை அழுத்திப் போனை நீட்டினாள்.

“அவ பதிலே பேசலேன்னா?” என்றார். “எவ்வளவு நேரம் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது?”

“அவங்கம்மா எடுத்துக்கிட்ட நேரம்.”

மணி அடித்து, போன் எடுக்கப்பட்டது.

“ஏம்மா இளவேணி, ரேடியோவிலேருந்து தணிகாசலம் பேசறேன். உங்கம்மா மன்னிச்சிட்டேன்னு உடனே சொல்லலைம்மா. ரொம்ப நேரம் வாயே திறக்கலை. அதை வெட்டினது நான். வீட்டுக்குப் போம்மா. அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசும்மா.”

எதிர்முனையில் மூச்சு மட்டும் கேட்டது. தணிகாசலம் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.