கேள்வியைப் பார்க்க வந்தவர்கள்

கடற்கரை ஊர் ஒன்றில் ஒரு பெண்ணும் அவளுடைய கேள்வியும் ஒரே வீட்டில் இருந்தார்கள். பெண்ணின் பெயர் ஜெனிட்டா. கேள்விக்குப் பெயர் கிடையாது. கேள்விக்கெல்லாம் யார் பெயர் வைக்கிறார்கள்.

அது பிறந்தது அந்த வீட்டுக் கிணற்றடியில். வீட்டுக்கு இரண்டு கிணறு. முன்கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர். பின்கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. நடுவில் ஒரு வீட்டின் நீளம்தான். சின்ன வயதில் ஒருநாள் ஜெனிட்டா, இது ஏன் என்று வாய்விட்டுக் கேட்டாள். கேள்வி வந்து நின்றது. அப்புறம் போகவே இல்லை. தலை வாராது. சொன்ன பேச்சுக் கேட்காது. சாப்பிட உட்கார்ந்தால் மடியில் ஏறும். அதன் தொல்லை தாங்காமல்தான் அவள் நிலத்தடி நீரைப் பற்றிப் படித்தாள், எம்.எஸ்சி. முடித்தாள், பிஎச்.டி.க்கு விண்ணப்பித்தாள்.

விண்ணப்பிக்கிறவர்கள் எல்லாரும் செய்கிற கிறுக்குத்தனத்தை அவளும் செய்தாள். இடத்துக்குத் தக்கபடி கேள்விக்குச் சட்டை மாட்டினாள். கடல் கடந்த பெரிய பல்கலைக்கழகத்துக்கு ஒரு கோட்டு. முதுகில் செயற்கை நுண்ணறிவு என்று தைத்திருந்தது. பெருநகரத்து ஆராய்ச்சி நிறுவனத்துக்கு, பருவநிலை மாற்றம் என்று அச்சடித்த பனியன். இரண்டுமே கேள்விக்குக் கழுத்தை இறுக்கின. மூன்றாவது ஒரு சின்னப் பல்கலைக்கழகம். அதற்குள் கடைசித் தேதி வந்துவிட்டது. துணி மாற்ற நேரமில்லை. வீட்டில் போட்டுத் திரிகிற கால்சட்டையோடு அப்படியே அனுப்பிவிட்டாள்.

மூன்று இடமும் வா என்றன. ஒரே நாளில் மூன்று அழைப்புகளும் வீட்டுக்கே வந்து இறங்கின, பெண் பார்க்க வருகிற மாதிரி. மாலைக்குள் யாருக்காவது ஒருவருக்குச் சரி சொல்ல வேண்டும். ஜெனிட்டாவின் அம்மா சகாயராணி நாற்காலிகளைத் துடைத்துப் போட்டாள். கேள்வி கதவோரம் நின்று எட்டிப் பார்த்தது.

முதலில் பெரிய அழைப்பு பேசியது. தனக்கு எத்தனை தலைமுறை வயது, தன் நூலகத்துக்கு எத்தனை மாடி என்பதெல்லாம் வந்தது. சகாயராணி வாயைப் பிளந்து கேட்டாள். பிறகு அது சுற்றுமுற்றும் பார்த்து, கோட்டுப் போட்ட ஒருவர் இருந்தாரே, அவர் எங்கே என்று விசாரித்தது. ஜெனிட்டா திருதிருவென்று விழித்து, கதவோரம் நின்ற கால்சட்டைக்காரனைக் காட்டினாள்.

"அருமை, அருமை" என்றது பெரிய அழைப்பு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. "இது இங்கேயே இருக்கட்டும். அங்கே எங்களிடமே நிறைய இருக்கின்றன. நீ வந்ததும் ஒன்றைத் தருகிறோம்."

இரண்டாவது பளபளப்பான அழைப்பு. அது தாராளம். குளிரூட்டிய ஆய்வகம், கைநிறைய உதவித்தொகை, வருஷத்துக்கு ஒரு வெளிநாட்டுக் கருத்தரங்கு. கேள்வியைத் தூக்கித் தோளிலேயே வைத்துக்கொண்டது. அருமை என்று அதுவும் சொன்னது. ஒரே ஒரு சின்ன விஷயம் என்றது.

"குழந்தை உன்னுடையதுதான். இனிஷியல் மட்டும் எங்க புரொபசருடையது."

கேள்வி தோளிலிருந்து தானாக இறங்கிவிட்டது.

மூன்றாவது சின்ன அழைப்பு. பஸ்ஸில் வந்திருந்தது. குடிக்கத் தண்ணீர் கேட்டது. சகாயராணி முன்கிணற்றுத் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, பின்கிணற்றுத் தண்ணீரும் ஒரு வாய் வேண்டும் என்றது. அவள் மகளைப் பார்த்தாள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். சின்ன அழைப்பு அதையும் குடித்து, முகத்தைச் சுளித்து, நேரே கேள்வியிடம் போய்த் தரையில் உட்கார்ந்தது.

"மழைக்கு அப்புறம் இது எப்படி இருக்கும்?"

"அதை யாரும் குடிக்கிறதில்லை" என்றது கேள்வி.

"குடிக்காமலே எப்பவும் உப்புன்னு விண்ணப்பத்துல எப்படிச் சொன்னே? நீ ஒழுங்கா வளரல. பாதிதான் வளர்ந்திருக்கே."

இப்படி யாரும் அதனிடம் பேசியதில்லை. கேள்விக்கு மூக்கு விடைத்தது. விருட்டென்று கொல்லைப்பக்கம் போய்விட்டது.

சகாயராணி மகளை அடுக்களைக்குள் இழுத்தாள். பிள்ளையைத் திட்டுகிற இடத்துக்கா போவாய் என்றாள். "தெருவுல கேட்டா சொல்லுததுக்கு ஒரு பேரு வேணும்லா, ஏட்டி?" ஜெனிட்டாவுக்கும் அந்த ஆசை இருந்தது. யாருக்குத்தான் இல்லை. பெரிய அழைப்புக்கே சரி சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தாள்.

அதற்கு முன் கொல்லைக்குப் போய்க் கேள்வியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதன் தலையைக் கோதிவிட்டாள். "நீ இங்கேயே இரு. படிச்சு முடிச்சிட்டு வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

கேள்வி அழவில்லை. அப்படி வீட்டில் விடப்பட்ட கேள்விகளை அதற்குத் தெரியும். திரும்பி வந்து பார்க்கையில் ஒன்றும் உயிரோடு இருந்ததில்லை.

"சரி" என்றது. "அந்த ஆளுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கு. சொல்லிட்டு வந்துடுறேன்."

உள்ளே போய்ச் சின்ன அழைப்பின் முன்னால் நின்றது. பின்கிணற்றை யாரும் இறைப்பதே இல்லை, முன்கிணற்றைத்தான் நாள் முழுக்க இறைக்கிறார்கள் என்றது. இறைக்க இறைக்க அந்தக் கிணற்றில்தானே கடல் தண்ணீர் ஏற வேண்டும்? இங்கே தலைகீழாக இருக்கிறதே, அது ஏன்? முடிந்தால் சொல்லு பார்ப்போம் என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டது.

சின்ன அழைப்பு வாசல் வழியாக முன்கிணற்றை எட்டிப் பார்த்தது.

"தெரியலையே" என்றது. "எனக்கு நிஜமா தெரியல." இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தது. ஒருவேளை அடியில் களிமண் இருக்குமோ என்றது. கேள்வி, இருக்காது என்றது. ஏன் இருக்காது என்று சின்ன அழைப்பு கேட்டது. இரண்டும் குரலை உயர்த்தின.

பெரிய அழைப்பிடம் சரி சொல்ல வந்த ஜெனிட்டா வாசலில் நின்று கேட்டாள். பின்கிணற்றை வெட்டும்போது பாறை வந்ததாக அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. அதைச் சொன்னாள். இரண்டும் அவள் பக்கம் திரும்பின. எந்த ஆழத்தில் என்று கேட்டன. அவளும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டீ ஆறிப்போனது. பெரிய அழைப்பு இரண்டு முறை தொண்டையைச் செருமிப் பார்த்துவிட்டுக் கிளம்பியது. பளபளப்பும் பின்னாலேயே போனது. சகாயராணிக்குத் தாங்கவில்லை. மகளிடம் பேசிப் பயனில்லை என்று கேள்வியையே பிடித்தாள்.

"ஏலே, உன்னைப் பாதிப் பிள்ளைன்னு சொன்ன ஆளு. அவரு கூடயா போகப்போற?"

"ஆமாம்மா" என்றது கேள்வி. "அவங்க ரெண்டு பேரும் நான் பேசறதுக்கு முன்னாடியே அருமைன்னுட்டாங்க. இவருதான் கேட்டுட்டுத் திட்டுனாரு."