வானநீலத்தில் ஒரு நிலா

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் பஞ்சு மிதக்கும் அறை. வானநீல டி-ஷர்ட்டுகளில் வெள்ளை நிலாவைச் சூட்டு மெஷினால் பதித்துக்கொண்டிருந்தாள் மயிலாத்தாள். மூடி எழும்போதெல்லாம் ஒரு சின்ன வானத்தில் நிலா உதித்தது.

அதே துணியில் தைத்த டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தார் மேனேஜர் குழந்தைவேலு.

"சூட்டைக் கூட்டு. சாயங்காலத்துக்குள்ள முடியணும். நிறம் மாறுச்சுன்னா உன் வேலை போயிரும்."

"கூட்டுனா துணி பழுப்பேறிருங்க."

"ஏறாது. எனக்கு இருபது வருச அனுபவம்."

"சரிங்க. முதல்ல ஒண்ணுல அடிச்சுப் பாக்கறது வழக்கமுங்க. நீங்க போட்டிருக்கறதுலயே பாத்துரலாங்களா?"

அவர் கை தானாக நெஞ்சை மூடியது. "இது புதுசும்மா."

"இதுகளும் புதுசுதானுங்க."

சுற்றிலும் ஓடிய தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன; எல்லோரும் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார்கள். மயிலாத்தாள் சூட்டைக் கூட்டாமல், துணி கருகாமலிருக்க அடுத்த டி-ஷர்ட்டின் மேல் பட்டர் பேப்பரை விரித்து மூடியை இறக்கினாள். நிலா கறையில்லாமல் உதித்தது. மேனேஜர் நெஞ்சிலிருந்து கையை எடுக்கவேயில்லை.