நான்கு தேங்காய்

"பத்துல ஒரு பங்கு, தசமபாகம் வராம உன் மகளுக்கு ஆலயத்துல கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க முடியாது," என்று சபைச் செயலாளர் ஞானசிகாமணி கறாராகச் சொல்லிவிட்டார். தென்னை ஏறும் சத்தியநேசனுக்கு ரத்தம் கொதித்தது. அவர் தோப்பில் ஏறித்தான் அவன் நெஞ்சுத் தோல் உரிந்திருந்தது.

ஞாயிறு ஆராதனையில், போதகரான ஐயர் பார்த்திருக்க, பீடத்தின் முன் நான்கு தேங்காய்களை வைத்தான்.

"ஐயரே, மரத்துக்கு ஒரு காய் எனக்குக் கூலி. நேத்து செயலாளர் தோப்புல நாப்பது மரம் ஏறுனேன். அந்த நாப்பதுல நாலு காய் ஆண்டவருக்கு, மனசாரத் தாறேன். மரத்துக்குப் பத்துன்னு நானூறு காய் அவரு வீட்டுக்குப் போச்சு. அவரு பங்கு நாப்பது எங்க?"

செயலாளர் காணிக்கையாகப் பீடத்தின் முன் வைத்திருந்தது ஒரே ஒரு தேங்காய்.

ஐயர் அதை எடுத்துச் செயலாளர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "ஆண்டவர் உம்ம வாசல்ல பிச்சைக்கு நிக்கல," என்றவர், ஓலையை விரித்துச் சத்தியநேசன் மகள் பெயரை உரக்க வாசித்தார்.