கண்மாய்க்கு அசதி

கேட்டுக்கொண்டே வாருங்கள். கதை சொல்வதுதான் இங்கே வேலை. தீர்ப்பு உங்கள் கையில்.

நெடுங்குளம் என்று ஓர் ஊர். மேலே பெரிய கண்மாய், கீழே தெருக்கள், நடுவில் ஒரு மேட்டில் அம்மன் கோயில். ஆடித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் எட்டு நாளும் அந்த ஊரில் யார் வாயிலும் கெட்ட சொல் வரக்கூடாது. விளக்கு அணைந்தால் 'குளிர்ந்தது' என்பார்கள். யாராவது செத்துப்போனால்கூட 'அம்மாகிட்டப் போயிருக்கார்' என்பார்கள். மீறிச் சொன்னவர் வீட்டார் வேண்டுதலுக்காகச் சட்டியில் வளர்க்கும் முளைப்பாரியைக் கவிழ்த்துவிடுவார்கள். பாரி கவிழ்ந்தால் அந்த வருஷத்து வேண்டுதலும் கவிழ்ந்த மாதிரி.

சீனியம்மாள் அந்த வருஷம் தன் மகள் ராக்குவுக்காகப் பாரி போட்டிருந்தாள். வெளியூரில் வாழ்க்கைப்பட்ட ராக்குவுக்கு மூன்று பிள்ளை வயிற்றில் தங்கவில்லை. இது நாலாவது, எட்டாம் மாதம். ஏழு நாளாகச் சீனியம்மாள் பாரிக்குத் தண்ணீர் தெளிப்பதும் கும்பிடுவதுமாக இருந்தாள். அரிசி கொத்த வரும் கோழியைக்கூட 'சனியனே' என்று விரட்டவில்லை.

ஏழாம் நாள் மதியம் நல்ல மழை. கோயில் பந்தலில் பொங்கலுக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். கண்மாய்க் காவல்காரர் மூக்கையன் மூச்சிரைக்க மேடேறி வந்து, ஊர்த் தலைவரான அம்பலம் வெள்ளையப்பர் முன்னால் நின்றார்.

"ஐயா, கரை கொஞ்சம் அசதியா இருக்கு."

"அசதியா? மழையில்ல, இருக்கத்தான் செய்யும். சாயங்காலம் போய்ப் பாப்போம்ப்பா."

"ரொம்ப அசதியா இருக்குய்யா."

அடுப்பூதிக்கொண்டிருந்த ஒருத்தி, "சுக்குத்தண்ணி வச்சுக் குடுங்கண்ணே, தெளிஞ்சிரும்" என்றாள். பந்தலே சிரித்தது.

பாரி அறையிலிருந்து வெளியே வந்த சீனியம்மாள் சிரிக்கவில்லை. மூக்கையனின் முழங்கால் வரை புதுச் சேறு.

"அண்ணே, கண்ணால கண்டதைச் சொல்லுங்க."

"கரைக்கு இந்தப் பக்கம் தண்ணி கொப்புளிக்குது தாயி. அதுக்குப் பேரு உனக்கே தெரியும். என் வாயில வராது."

அவள் ஒரு தடவை பாரி அறையைத் திரும்பிப் பார்த்தாள். அம்மனைப் பார்த்துக் கையெடுத்தாள். பிறகு கீழே தெருவுக்கு ஓடினாள்.

"கண்மாய் உடையுது. உடையுதுடி, பிள்ளைகளைத் தூக்கிட்டு மேட்டுக்கு ஓடுங்க. வெள்ளம் வந்தா அத்தனை பேரும் சாவோம்."

ஏழு நாளாக யார் காதிலும் விழாத சொல். அதனாலேயே தூங்கினவர்களும் துள்ளி எழுந்தார்கள். கடைசிக் கிழவரைத் தோளில் போட்டுக்கொண்டு வருவதற்குள் கரை போய்விட்டது. கீழத்தெருவில் ஒரு சுவர் மிஞ்சவில்லை. ஆனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

எட்டாம் நாள், பாரி தூக்கும் நேரம். சட்டப்படி சீனியம்மாளின் பாரியைக் கவிழ்க்க வேண்டும். அம்பலத்துக்கு மனசு வரவில்லை. நல்ல மனுஷர்.

"சீனியம்மா, 'கரை அசந்திருக்கு, மேட்டுக்கு வாங்க'ன்னுதான் நீ சொன்னே. எங்க எல்லார் காதுலயும் அப்படித்தான் விழுந்துச்சு. தலையை மட்டும் ஆட்டு. பாரியைத் தூக்கிட்டுப் போ."

"ஆட்டிரு தாயி" என்று மூக்கையனும் கெஞ்சினார். "பேரப்பிள்ளை முகம் பாக்கணுமில்ல."

"அசதின்னு சொன்னது நீங்கண்ணே. அதுக்கு ஒருத்தரும் எந்திரிக்கல, சிரிச்சாங்க. நான் உடையுதுன்னு சொன்னேன். சாவோம்னும் சொன்னேன். அடுத்த வருஷம் உடைஞ்சாலும் அதையேதான் சொல்லுவேன்."

"அப்ப பாரியைக் கவிழ்க்கணுமே, ஆத்தா" என்றார் அம்பலம்.

"அதுக்கும் விடமாட்டேன்யா. அம்மாளுக்குக் காது இருக்கு. நான் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்கும். அவ கோவிச்சுக்கிட்டா அவளே தட்டிவிடட்டும்."

பாரியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். பாரியைக் கரைக்க ஊருணிக்குப் போகிற வழியை மறித்து அம்பலம் நின்றார்.

இப்போது சொல்லுங்கள். கட்டுப்பாட்டை மீறாமல் வந்து சேதி சொன்னார் மூக்கையன். கட்டுப்பாடும் நிற்க வேண்டும், ஒரு தாயின் வேண்டுதலும் நிற்க வேண்டும் என்று ஒரு சின்னப் பொய்யைக் கொண்டுவந்தார் அம்பலம். சொல்லையும் மாற்றமாட்டேன், பாரியையும் தரமாட்டேன் என்றாள் சீனியம்மாள். இவர்களில் யார் செய்தது சரி? அம்பலம் வழிவிட வேண்டுமா, வேண்டாமா?

விடை: மூக்கையனை ஊர் காவலுக்கு வைத்தது கரைக்கு; அவர் காத்தது வாயை. அம்பலத்தின் பொய் கருணையான பொய்தான். ஆனால் அதை ஏற்றுக்கொண்டால், 'அசதி' என்ற சொல்லே ஊரைக் காப்பாற்றியது என்று ஆகிவிடும். அடுத்த உடைப்பின்போதும் ஊர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். சீனியம்மாள் மேட்டில்தான் நின்றாள், அவளுக்கு ஆபத்தில்லை. தெருவில் இறங்கியபோதே பாரி போனால் போகட்டும் என்று கொடுத்துவிட்டுத்தான் இறங்கினாள். ஒரு தடவை கொடுத்தவளிடம் இன்னொரு தடவை பிடுங்க யாருக்கும் உரிமை இல்லை. ஆகவே அவள் செய்ததே சரி, அம்பலம் வழிவிட வேண்டும். ராக்குவுக்குப் பிள்ளை தங்கியதா என்று கேட்பீர்கள். தங்காமல் போயிருந்தாலும் இதுதான் விடை.